நாட்டைத் தேடுவதா, சரக்கைத் தேடுவதா? கல்லூரி நூலகத்தில் எங்கே தொடங்கலாம்

திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கக் கல்லூரிகளில் இறுதியாண்டு பி.காம்., பி.பி.ஏ., பொருளியல் மாணவர்களுக்கு ‘ஒரு நாட்டை எடுத்து எழுதிக்கொண்டு வா’ என்று ப்ராஜெக்ட் கொடுப்பது வாடிக்கை. தலைப்பு கைக்கு வந்ததும் பிள்ளைகள் போனை எடுத்து நாட்டின் பெயரை அடிப்பார்கள். தலைநகரம், நாணயம், மக்கள்தொகை, ஜி.டி.பி. எல்லாம் முதல் பக்கத்திலேயே வந்து விழும். அதை வைத்தே நாற்பது பக்கத்துக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுவிடலாம். வைவாவுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர், ‘இதுல நீ என்ன கண்டுபிடிச்சே கண்ணு?’ என்று கேட்கும்போதுதான் பிரச்சினை.

போனோடு நிற்காமல் நூலகத்துக்குள் காலெடுத்து வைப்பவர்களுக்கு அடுத்த குழப்பம், உள்ளே எங்கே உட்காருவது என்பது. ரெஃபரன்ஸ் அலமாரியா, புத்தக அடுக்கா, மின்னிதழ் படிக்க உதவும் என்-லிஸ்ட் லாகினா, ஐ.நா.வும் உலக வங்கியும் நடத்தும் புள்ளிவிவரத் தளங்களா, பழைய நாளிதழ்க் கட்டுகளா, ஷோத்கங்கா தளத்தில் குவிந்திருக்கும் பிஎச்.டி. ஆய்வேடுகளா? ‘எல்லாத்தையும் பாரு’ என்று சொல்லிவிடலாம். இரண்டு இன்டர்னலுக்கும் ஒரு செமினாருக்கும் நடுவில் ப்ராஜெக்ட் முடிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த அறிவுரையால் பயனில்லை. எதில் நேரத்தைக் கொட்டலாம், எதை எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். பல வருடமாக இந்த ப்ராஜெக்ட்டுகளைத் திருத்துகிறவன் என்ற உரிமையில் நான் சொல்கிறேன்.

ஒரே கேள்வியை எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். எங்கள் ஊர்க் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: பங்களாதேஷ் ஐ.நா.வின் குறைவளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறினால் திருப்பூருக்கு ஆர்டர் கூடுமா?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்.டி.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பட்டியலில் பங்களாதேஷ் 1975 முதல் இருக்கிறது. பட்டியலில் உள்ள நாடுகளின் சரக்குக்கு, ஆயுதம் தவிர மற்றதற்கெல்லாம், ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் சுங்க வரி வாங்குவதில்லை. மற்றபடி ஒரு டி-ஷர்ட்டுக்கு அங்கே பொது வரி 12 சதவீதம். தனிநபர் வருமானம், மனிதவள மேம்பாடு, பொருளாதார–சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகிய மூன்று அளவுகோல்களிலும் 2018, 2021 என இரண்டு மதிப்பாய்வுகளில் பங்களாதேஷ் தேறிவிட்டது. வெளியேறும் நாள் 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. பொதுச்சபை குறித்தது. தள்ளிப்போடச் சொல்லி அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழில்காரர்கள் கேட்டுவருகிறார்கள். வெளியேறிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரிச்சலுகை மூன்று வருடம் ஓடும். அவினாசி ரோட்டில் எந்த மெர்ச்சண்டைசரை நிறுத்திக் கேட்டாலும், ‘டாக்காக்காரன் ரேட்டுக்கு நம்மளால குடுக்க முடியறதில்லீங்க’ என்பார். அப்படியானால் அந்த ரேட்டு ஏறும்போது நமக்கு லாபம்தானே? அங்கிருந்துதான் தேட வேண்டும்.

ரெஃபரன்ஸ் அலமாரி: அரை நாள்

பெரும்பாலான கல்லூரிகளில் நுழைந்ததும் இடது பக்கமோ வலது பக்கமோ, ‘வெளியே எடுத்துச் செல்லக் கூடாது’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தடித்த புத்தகங்கள் நிற்கும். ஸ்டேட்ஸ்மன்ஸ் இயர்புக் 1864 முதல் வருகிறது; யூரோப்பா வேர்ல்ட் இயர்புக் 1926 முதல். ஒரு நாட்டின் எலும்புக்கூடு முழுக்க இவற்றில் இருக்கும். அரசியலமைப்பு எப்போது வந்தது, பட்ஜெட் வருடம் எந்த மாதம் தொடங்குகிறது, மத்திய வங்கியின் பெயர் என்ன, புள்ளிவிவரத்தை வெளியிடும் துறை எது. கடைசி இரண்டையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

குறையும் உண்டு. விலை காரணமாக இவற்றைக் கல்லூரிகள் வருடாவருடம் வாங்குவதில்லை. அலமாரியில் நிற்பது எத்தனை வருடம் பழைய பதிப்பு என்று முதலில் பாருங்கள். அதில் உள்ள மக்கள்தொகையை அப்படியே எடுத்து ‘தற்போதைய’ என்று எழுதி வரும் ப்ராஜெக்ட்டுகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அதே அலமாரியின் மேல்தட்டில், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் தூசியோடு இருக்க வாய்ப்புண்டு. 1954இல் தொடங்கி 1968இல் முடிந்த வேலை. முதன்மை ஆசிரியராக இருந்தவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் பெரியசாமித் தூரன். அதில் பங்களாதேஷைத் தேடினால் கிடைக்காது. 1971க்கு முன் அப்படியொரு நாடே இல்லை, கிழக்கு பாகிஸ்தான்தான், அதன் ஏற்றுமதி என்றால் சணல்தான். சணல் விற்ற ஒரு நிலப்பரப்பு ஐம்பது வருடத்தில் எப்படிச் சட்டை விற்கும் நாடானது என்ற கேள்வி அங்கே நிற்கும்போது வருமானால், அந்த அரை நாள் வீணில்லை. நம் கேள்விக்கு இந்த அலமாரியில் நேரடியான பதில் இல்லை. எழுந்துவிடலாம்.

ஆறு ஒன்று பூஜ்யம் ஒன்பது

என் வாக்கு இந்த இடத்துக்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாட்டைப் பற்றிப் படிக்க நாட்டின் பெயரில் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உங்கள் ஊரிலிருந்து அங்கே போகும் சரக்கில் தொடங்குங்கள். உலகத்தில் கப்பல் ஏறும் ஒவ்வொரு சரக்குக்கும் ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. ஹெச்.எஸ். கோடு என்பார்கள். ஷிப்பிங் பில் போடும் எந்த ஆபீஸிலும் அது மனப்பாடம். பின்னலாடை 61ஆம் அத்தியாயம். நெய்த துணியில் தைத்த ஆடை 62. கரூரின் பெட்ஷீட், திரைச்சீலை, கிச்சன் டவல் எல்லாம் 63. நாமக்கல் முட்டை 0407. பொள்ளாச்சித் தென்னைநார் 5305. ஈரோட்டு மஞ்சள் 0910இல் ஓர் உட்பிரிவு. நம்ம பனியன் 6109: டி-ஷர்ட், கையில்லாத பனியன், அந்த வகையறா. அதிலேயே 610910 என்றால் பருத்தி, 610990 என்றால் பாலியெஸ்டர் முதலான மற்ற இழைகள். பருத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற திருப்பூர் எந்த இடத்தில் பின்தங்கியது என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி புரியும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்தின் கம்ப்யூட்டரில் யு.என். காம்ட்ரேட் தளத்தைத் திறக்கவும். ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவு நடத்துவது. 1962 முதலான உலக வணிகக் கணக்கு அதில் இருக்கிறது. ஹெச்.எஸ். முறையே 1988இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் 6109 என்று கேட்டால் அதற்குப் பிந்தியது மட்டும் கிடைக்கும். முந்தியது வேறொரு வகைப்பாட்டில் இருக்கிறது. பி.காம். ப்ராஜெக்ட்டுக்கு அவ்வளவு பின்னால் போக வேண்டியதில்லை.

அங்கே பெரும்பாலோர் செய்வது, அறிக்கை தரும் நாடாக பங்களாதேஷைப் போட்டு ஏற்றுமதியைக் கேட்பது. அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அறிக்கை தரும் நாடு ஜெர்மனி, வகை இறக்குமதி, எங்கிருந்து என்ற இடத்தில் பங்களாதேஷ், எண் 6109. அடுத்து எங்கிருந்து என்பதை மட்டும் இந்தியா என்று மாற்றுங்கள். பிறகு அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின் என்று அதையே திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிசை, பத்து வருடம். ஒரு மதியத்தில் முடிந்துவிடும். மஞ்சள் மண்டியில் விற்றவர் சொல்லும் எடையை வாங்கியவரின் சீட்டோடு ஒத்துப் பார்ப்போமே, அதே வேலைதான் இது. ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கண்ணாடிப் புள்ளிவிவரம் என்பார்கள்.

இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு? 2024 ஜூலையில் டாக்காவில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். 2023–24 நிதியாண்டின் முதல் பத்து மாத ஏற்றுமதி 4,747 கோடி டாலர் என்று அந்நாட்டின் ஏற்றுமதி மேம்பாட்டுப் பணியகம் சொல்லியிருந்தது. சுங்கத்துறைத் தரவை வைத்து பங்களாதேஷ் வங்கி திருத்திக் கணக்கிட்டபோது வந்தது 3,367 கோடி. ஏறக்குறைய 1,380 கோடி டாலர் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது. ஒரே ஏற்றுமதியை ஒருமுறைக்கு மேல் எண்ணியதும் அதற்கான காரணங்களில் ஒன்று. அதற்கு முந்தைய கணக்கை நம்பி ‘பங்களாதேஷ் பாய்ச்சல்’ என்று எழுதப்பட்ட ப்ராஜெக்ட்டுகள் எத்தனை அலமாரியில் தூங்குகின்றனவோ. வாங்கியவன் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் வந்திருக்காது. ரெஃபரன்ஸ் அலமாரியில் மத்திய வங்கியின் பெயரையும் புள்ளிவிவரத் துறையின் பெயரையும் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். ஒரே நாட்டில் இரண்டு அலுவலகம் இரண்டு கணக்குச் சொல்லும். யார் எண்ணியது என்று எழுதாத எண்ணை நான் ப்ராஜெக்ட்டில் ஒத்துக்கொள்வதில்லை.

இதிலும் தடுக்கி விழ இடமுண்டு. காம்ட்ரேட்டின் வருடாந்திரக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்திய வணிக அமைச்சகத்தின் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச். பங்களாதேஷின் கணக்கு ஜூலை முதல் ஜூன். மூன்றையும் ‘2023’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அட்டவணை போட்டால் எக்ஸாமினர் சிரிப்பார். இன்னொன்று, விற்றவர் பொதுவாகக் கப்பலில் ஏற்றும்வரையான எஃப்.ஓ.பி. விலையைப் பதிவார், வாங்கியவர் பெரும்பாலும் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த சி.ஐ.எஃப். விலையை. ஆகவே இரண்டும் அச்சாகப் பொருந்தாது. பத்து சதவீதம் முன்பின் இருந்தால் பதற வேண்டாம். பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால் அதுவே உங்கள் ப்ராஜெக்ட்டின் நான்காம் அத்தியாயம்.

பனியனோடு நிறுத்தாமல் 5205ஐயும் போட்டுப் பாருங்கள். பருத்தி நூல். அங்கே கதை புரண்டு நிற்கும். பங்களாதேஷில் பருத்தி விளைச்சல் சொற்பம். அதற்குப் பருத்தி நூல் விற்கும் நாடுகளில் முதன்மையானது இந்தியா. பல்லடம், உடுமலைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்காரருக்கு டாக்கா போட்டியாளர் கிடையாது, கஸ்டமர். டாக்காவுக்கு ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனிக்காரர் சிரிப்பார், டாக்காவுக்கு நூல் விற்கும் மில்காரர் கவலைப்படுவார். இரண்டு பேரும் ஒரே மாவட்டம். நாட்டின் பெயரைக் கூகுளில் அடித்தால் இந்த முரண்பாடு கண்ணில் படவே படாது.

உலக வங்கியின் தரவுத்தளமும் நல்லதுதான். 2010 முதல் எல்லோருக்கும் காசில்லாமல் திறந்திருக்கிறது. தனிநபர் வருமானம், பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் முதலானவற்றுக்கு அங்கே போகலாம். கூலி, வேலை நேரத்துக்கு ஐ.எல்.ஓ.ஸ்டாட், பயிருக்கு எஃப்.ஏ.ஓ.ஸ்டாட். ஆனால் இவை நாடு முழுவதற்குமான சராசரி எண்கள். நம் கேள்விக்குப் பக்கவாத்தியம்தான்.

என்-லிஸ்ட்டும் அதன் அண்ணனும்

எண் ‘எவ்வளவு’ என்று சொல்லும். ‘ஏன்’ என்று சொல்ல ஆய்விதழ் வேண்டும்.

கல்வி நூலகங்களை இணைக்கும் மத்திய அரசு மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் 2010இல் வந்தது, முக்கியமாக அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்காக. சுயநிதிக் கல்லூரிகள் வருடக் கட்டணம் கட்டிச் சேரலாம். ஆறாயிரத்துக்கு மேல் மின்னிதழ்கள், லட்சக்கணக்கில் மின்னூல்கள். நூலகரிடம் ஈ-மெயிலைக் கொடுத்தால் லாகின் வரும், வீட்டிலிருந்தே படிக்கலாம். மூன்று வருடம் படித்து முடித்து டி.சி. வாங்கும்வரை இந்த லாகின் இருப்பதே தெரியாத பிள்ளைகள் பலர். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த லாகின் விஷயத்தை நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் ஒட்டினாலே அந்த விதிக்குப் பாதி மரியாதை செய்ததாகும்.

அடுத்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற ஆய்விதழ்த் திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா அரசுக் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம், வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படிப்பவர்கள் இந்த வகையில் வருகிறார்கள். லட்சக்கணக்கில் பீஸ் கட்டி ஏ.சி. நூலகம் உள்ள சுயநிதிக் கல்லூரியில் படிப்பவருக்குக் கிடைக்காத இதழ், பஸ் பாஸில் அரசுக் கல்லூரிக்குப் போகிறவருக்குக் கிடைக்கும். அந்த வாய்ப்பை அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

நம் கேள்விக்கு இங்கே என்ன கிடைக்கும்? ‘பங்களாதேஷ்’ என்று மட்டும் தேடினால் வெள்ளம், மலேரியா, நெல் ரகம் எல்லாம் வந்து குவியும். நாட்டின் பெயரோடு ‘எல்.டி.சி. கிராஜுவேஷன்’ (பட்டியலிலிருந்து வெளியேறுவது), ‘ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்’ (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று முடிவுசெய்யும் விதி) என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். அப்படித் தேடிக் கிடைக்கும் கட்டுரைகளில் ஒரு முக்கியமான முடிச்சு இருக்கிறது. எல்.டி.சி.யாக இருக்கும்வரை, வெளிநாட்டுத் துணியை வாங்கி உள்ளூரில் தைத்தாலே ஐரோப்பாவில் வரியில்லை. வெளியேறி, சலுகைக் காலமும் முடிந்துவிட்டால், துணி உற்பத்தியும் தையலும் இரண்டும் உள்ளூரில் நடந்தால்தான் அடுத்த படிநிலைச் சலுகையாவது கிடைக்கும். இதில் அடிபடப்போவது யார்? நெய்த துணியைச் சீனாவிலிருந்து வாங்கிச் சட்டை, பேன்ட் தைப்பவர்கள். பின்னலாடைக்காரர்கள் நூலை வாங்கி அங்கேயே நிட்டிங் போட்டு, அங்கேயே டையிங் செய்து, அங்கேயே தைக்கிறார்கள். அவர்கள் தப்பித்துவிடுவார்கள். திருப்பூர் விற்பதோ பின்னலாடை. ஆகவே ‘பங்களாதேஷ் வெளியேறினால் திருப்பூருக்கு ஜாக்பாட்’ என்ற பேச்சில் பாதிக்கு மேல் காற்று. 61க்கும் 62க்கும் தனித்தனி அட்டவணை போட்டு வைத்திருந்தால் இந்தக் கட்டுரைகள் சட்டென்று பிடிபடும். போடாமல் படித்தால் கொட்டாவிதான் வரும். எண்ணை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தொழில் அங்கே எப்படி வேர் பிடித்தது என்ற பழைய கதைக்கும் ஆய்விதழ்தான் சரியான இடம். தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனி கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1979இல் 130 பேரைப் பயிற்சிக்குக் கொரியா அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் பிறகு தனித்தனிக் கம்பெனி தொடங்கினார்கள். கட்டிங் மாஸ்டராக இருந்தவர் நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து எக்ஸ்போர்ட்டர் ஆன கதைகளைத் திண்ணைக்குத் திண்ணை கேட்டு வளர்ந்த திருப்பூர்க்காரருக்கு இதைப் படிக்கும்போது புதிதாக இருக்காது.

உங்கள் கல்லூரி சந்தாவில் இல்லாத கட்டுரை தேவைப்பட்டால் டெல்நெட் இருக்கிறதா என்று கேளுங்கள். 1988இல் டெல்லியில் தொடங்கிய நூலக வலையமைப்பு. பொறியியல் கல்லூரிகள் பலவும் உறுப்பினர்கள். ஒரு கல்லூரியில் இல்லாத நூலை இன்னொரு கல்லூரியிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். நாளாகும். கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.

புத்தக அடுக்கும் நாளிதழும் ஆய்வேடும்

நூலகத்தின் ஓபேக்கில், அதாவது கம்ப்யூட்டர் நூல் பட்டியலில், நாட்டின் பெயரைப் போட்டு ஒன்றும் வராததால் ‘புக்கே இல்லீங்க மேடம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டூயி எண் தெரிந்தால் நேராக அடுக்குக்கே போகலாம். ஒரு நாட்டின் பொருளாதார நிலைமை 330.9இல் தொடங்கும், பின்னால் நாட்டின் எண் ஒட்டும். இந்தியா 330.954, பங்களாதேஷ் 330.95492, வியட்நாம் 330.9597. பன்னாட்டு வணிகம் 382. நேர்மையாகச் சொன்னால், நம் பக்கத்துக் கல்லூரிகளில் 330.954 நான்கு தட்டு நிறைந்திருக்கும், 330.95492இல் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிர்ஷ்டம். 382இல் உள்ள பாடநூல்களில் ஒதுக்கீட்டு முறை என்ற அத்தியாயத்தை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 2004 முடிய, எந்த நாடு எவ்வளவு துணி விற்கலாம் என்று பணக்கார நாடுகள் அளவு வைத்திருந்தன. அந்தக் கோட்டா போன பிறகுதான் இன்றைய போட்டி.

நாளிதழ், ‘எப்போது’ என்ற கேள்விக்கு. 2025ஐ மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, ஏப்ரலில் பங்களாதேஷ் சரக்கை நம் நிலம் வழியாக மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும் வசதியை இந்தியா நிறுத்தியது. அதே மாதம் இந்திய நூலிழை தரைவழியாக வருவதை பங்களாதேஷ் நிறுத்தியது. மே 17 முதல் அங்கிருந்து வரும் ஆயத்த ஆடை நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா சொன்னது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. எந்த இயர்புக்கிலும் இந்த வரிசை இவ்வளவு சீக்கிரம் ஏறாது, ஆய்விதழில் வர இரண்டு வருடமாகும். அட்டவணையில் ஒரு வருடம் திடீரென்று சரிந்திருந்தால் அந்த மாதத்து நாளிதழைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 24இல் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்ததும், 2023 டிசம்பரிலிருந்து அங்கே தையல் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் 12,500 டாகா (அந்நாட்டு நாணயம்) ஆனதும், 2024 ஆகஸ்ட்டில் ஆட்சி கவிழ்ந்ததும் அட்டவணைக்கு வெளியே நடந்தவைதான். பழைய நாளிதழைக் கட்டு கட்டி வைக்கும் வழக்கம் பல நூலகங்களில் நின்றுவிட்டது, ஆறு மாதத்தில் எடைக்குப் போகிறது. கோவை மாவட்ட மைய நூலகம் போன்ற பொது நூலகங்களையும் கேட்டுப் பாருங்கள்.

ஷோத்கங்கா ஆய்வேடுகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். திருப்பூர் ஏற்றுமதியைப் பற்றி மட்டும் எத்தனையோ கிடக்கின்றன. பலவற்றில் ஐந்து அத்தியாயம், ஒரு கேள்வித்தாள், பெர்சன்டேஜ் அனாலிசிஸ், கை-ஸ்கொயர் டெஸ்ட், ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற பரிந்துரை. இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கும் முந்தைய ஆய்வுகளின் பட்டியல்தான் பொக்கிஷம். அதை எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவிடலாம். விதிவிலக்குகள் உண்டு, தேடிப் பிடித்தால்.

ஏ.ஐ.யைக் கேட்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேடுசொல் யோசிக்கவும், புரியாத ஆங்கிலப் பத்தியை விளங்கிக்கொள்ளவும் கேளுங்கள். அது தரும் நூல் பட்டியலில் இல்லாத புத்தகம், பிறக்காத ஆசிரியர் எல்லாம் வருவார்கள். ஓபேக்கிலோ இதழின் தளத்திலோ கண்ணால் பார்க்காததை எழுதாதீர்கள்.

சரக்கே இல்லாத தலைப்பு

எல்லா உலகப் பிரச்சினைக்கும் ஹெச்.எஸ். கோடு கிடையாது. அகதிகள், பருவநிலை, போர் என்று தலைப்பு எடுப்பவர்களுக்கு என் வரிசை மாறும். அங்கே ஆய்விதழும் மூல ஆவணங்களும் முதலில், எண்கள் பிறகு.

இலங்கை அகதிகளைப் பற்றி எழுதும் மாணவி பவானிசாகர் முகாமில் தொடங்குவது நல்ல யோசனை. அவர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் தளத்துக்குப் போய் இந்தியாவைத் தேடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இலங்கைத் தமிழர்களையும் திபெத்தியர்களையும் இந்திய அரசே பதிந்து பராமரிக்கிறது. மியான்மர், ஆப்கானிஸ்தான்காரர்களை ஆணையம் பதிகிறது. ஒரே அட்டவணையில் இருக்கும் இரண்டு வரியை இரண்டு வேறு ஆட்கள் எண்ணியிருக்கிறார்கள். இதைச் சட்டம் படித்தவர்களின் கட்டுரைகள்தான் விளக்கும். பருவநிலைக்கு ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகள், முழுசும் ஆயிரக்கணக்கான பக்கம், கொள்கை வகுப்போருக்கான சுருக்கம் தனியாக இருக்கிறது, இளங்கலைக்கு அது போதும். அதோடு நொய்யலையோ பவானியையோ இணைத்து எழுதும்போது, சாயக்கழிவையும் பருவநிலையையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தால் சரி. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது கழிவுநீருக்காக, மழை குறைந்ததற்காக இல்லை.

யாருக்கு எது

வணிகவியல், பொருளியல், இன்டர்நேஷனல் பிசினஸ் படிப்பவர் தன் நேரத்தில் பாதியைக் காம்ட்ரேட்டில் போடலாம், கால்பங்கு ஆய்விதழில், மீதி நாளிதழிலும் புத்தக அடுக்கிலும். அரசியல் அறிவியல், வரலாறு படிப்பவர் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும். ஊரில் தொழில் தொடர்பே இல்லாத நாட்டைக் கைடு கொடுத்துவிட்டால், மறுத்துப் பேசிப் பாருங்கள். ‘சார், ஐஸ்லாந்துக்குப் பதிலா ஓமன் எடுத்துக்கட்டுங்களா? நாமக்கல் முட்டை அங்கதானுங்க போகுது’ என்று கேட்டால் பெரும்பாலான கைடுகள் மறுக்க மாட்டார்கள். கரூர்க்காரருக்கு ஜெர்மனி, பொள்ளாச்சிக்காரருக்கு நார் வாங்கும் சீனா.

கடைசியாக, தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகள். இந்தப் பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பது அவர்களின் முதல் பயம். நியாயமான பயம். ஆனால் எடை போட்டுப் பாருங்கள். ஆய்விதழ் கேட்கும் ஆங்கிலம் அதிகம், இயர்புக் கேட்பது நடுத்தரம், காம்ட்ரேட் கேட்பது நாலைந்து சொற்கள்: அறிக்கை தரும் நாடு, எதிர் நாடு, ஏற்றுமதி, இறக்குமதி, வருடம். மற்றதெல்லாம் எண். எக்செலில் இறக்கி, நாட்டின் பெயர்களைத் தமிழில் மாற்றி, டாலரை லட்சத்திலோ கோடியிலோ போட்டு, அட்டவணைக்கு அடியில் எந்தத் தளம், எந்த ஹெச்.எஸ். எண், எந்தத் தேதியில் எடுத்தது, யார் சொன்ன கணக்கு என்று நான்கு விவரம் எழுதிவிட்டால், ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தவரைவிட இவர் வைவாவில் நிதானமாக உட்காருவார். நூலகரிடம் போகும்போதும், ‘பங்களாதேஷ் பத்தி ஏதாச்சும் இருக்குங்களா மேடம்?’ என்று கேட்க வேண்டாம். ‘மேடம், பங்களாதேஷ் பனியன் ஜெர்மனிக்குப் பத்து வருசமா எவ்வளவு போயிருக்குன்னு பார்க்கணுங்க, எந்த சிஸ்டத்துல உக்காரட்டுங்க?’ என்று கேளுங்கள்.